பன்னிரண்டாவது கரண்டி

அன்று வீட்டில் இருந்தவர்கள்: நான், மனிசி, மனிசியின் தம்பி குடும்பம் நாலு பேர், ஃபாரஸ்ட் கேட்டில் இருக்கிற சின்னத்துரை அண்ணை குடும்பம் ஆறு பேர், குரோய்டனில் இருந்து வந்த மலேசியத் தமிழர் ஒருவர், அவருடைய மனைவி. மொத்தம் பதினான்கு. வருசப்பிறப்புச் சாப்பாடு.

எனக்குத் தந்த வேலை ஒன்றுதான். காலமை அப்டன் பார்க் கடைத்தெருவுக்குப் போய், பாயாசத்துக்குப் பிளாஸ்டிக் கரண்டி ஒரு பக்கெற் வாங்கி வர வேண்டும்.

வாங்கி வந்தேன். ஒரு கரண்டி. வெள்ளிக் கரண்டி.

வழியில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை இருந்தது. நான் ஏழு வருசமாக ஒரே செற் பழைய வெள்ளிக் கரண்டி தேடிச் சேர்க்கிறவன். பிடியில் ஒரே பூ வேலை, பின்பக்கம் சுத்த வெள்ளிக்கு அடிக்கிற சிங்க முத்திரை. பதினொன்று சேர்ந்திருந்தது. பன்னிரண்டாவது அன்றைக்கு ஒரு பழஞ்சாமான் பெட்டியில், துருப்பிடித்த கத்தரிக்கோலுக்குக் கீழே கிடந்தது. லென்ஸை வைத்துப் பார்த்தேன். சிங்கம் நின்றது. பிளாஸ்டிக் மறந்து போனது.

"எங்கை கரண்டி?" என்றா மனிசி.

கையை நீட்டினேன்.

அவ கரண்டியைப் பார்த்தா. பிறகு என்னைப் பார்த்தா.

"இந்த ஒண்டாலை பன்னிரண்டு பேரும் மாறி மாறிக் குடிக்கிறதோ? பொறுங்கோ. அலுமாரியிலை மிச்சம் கிடக்குத்தானே."

நான் வாயைத் திறக்க முதல் பன்னிரண்டும் மேசைக்குப் போய்விட்டன.

எல்லோரும் கடதாசித் தட்டில் வயிறாரச் சாப்பிட்டார்கள். பாயாசமும் குடித்தார்கள். பிறகு வாழையிலையை மடிப்பது போலத் தட்டை மடித்தார்கள். மடித்ததைக் குப்பைப் பையில் போட்டார்கள்.

நான் மேசையை எண்ணினேன். கரண்டி மூன்று.

ஒன்பது, மடித்த தட்டுகளுக்குள்!

விருந்துக்கு வந்தவர்களிடம் இதைச் சொல்ல எனக்கு வெட்கம். பையைத் தூக்கிக்கொண்டு பேசாமல் பின்வளவுக்குப் போனேன். பேப்பரை விரித்து, குந்தி இருந்து, ஒவ்வொரு தட்டாக விரித்தேன். பன்னிரண்டு பேரும் தட்டைத் தங்கள் பக்கமாகவே மடித்திருந்தார்கள். சாப்பாடு திருப்தி என்று அர்த்தம். அந்த நேரத்திலும் அதைக் கவனித்தேன்.

சின்னத்துரை அண்ணை கதவால் எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, குப்பையையும் எண்ணித்தான் போடுறீரோ?"

"ஓம் அண்ணை," என்றேன்.

எட்டு வந்தது. ஒன்பதாவதைத் தேடிக் கத்தரிக்காய்க் குழம்புக்குள் முழங்கை வரை விட்டபோது, வேலிக்கு மேலால் ஒரு தலை தெரிந்தது. பக்கத்து வீட்டு டோரத்தி. தனியே இருக்கிற வெள்ளைக்கார மனுசி, எழுபத்தைந்து வயது இருக்கும்.

"நீங்கள் சாப்பிட்டீர்களா, டார்லிங்?" என்று ஆங்கிலத்தில் கேட்டா. குரலில் அப்படி ஓர் இரக்கம்.

உண்மையில் சாப்பிடவில்லை. பரிமாறியது நான். "நோ," என்றேன்.

அவவின் கண் கலங்கிவிட்டது. உள்ளே ஓடினா. திரும்பி வந்து கடதாசித் தட்டில் ஒரு துண்டுக் கேக்கும் சின்ன முள்ளுக்கரண்டியும் நீட்டினா.

அதே நிமிடம் ஒன்பதாவது கரண்டி கையில் தட்டுப்பட்டது. மொத்தம் பன்னிரண்டு! அந்தச் சந்தோசத்தில் கேக்கை நின்ற நிலையிலேயே தின்றேன். நல்ல கேக். தட்டை என் பக்கமாக மடித்தேன். பையில் போட்டேன். பையைக் கட்டி வாசலில் வைத்தேன்.

திங்கள் காலமை குப்பை லொறி வந்து போனது.

செவ்வாய்க்கிழமை டோரத்தி கதவைத் தட்டினா.

"என் சின்ன முள்ளுக்கரண்டி உங்களிடமா? அம்மாவின் கலியாணத்துக்கு வந்த செற். ஆறு."

மிச்சம் ஐந்தையும் கையில் கொண்டு வந்திருந்தா. ஒன்றை வாங்கித் திருப்பினேன். லென்ஸ் தேவைப்படவில்லை. சிங்கம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றது.

என் ஆங்கிலம் அவ்வளவுக்குக் காணாது. ஒரு கடதாசியை எடுத்து மடித்து, குப்பையைக் காட்டி, தெருவைக் காட்டினேன்.

அவ அந்தக் கடதாசி மடிப்பைப் பார்த்தா.

"ஏன் மடித்தீர்கள்?"

"எங்கட ஆக்கள் அப்படித்தான். சாப்பாடு நல்லாயிருந்தது எண்டு அர்த்தம்," என்று பாதி ஆங்கிலத்தில் சொன்னேன்.

"அப்போ கேக் நல்லாயிருந்ததா?"

"வெரி குட்."

அவ சிரித்தா. ஆனால் கையில் ஐந்துதான் இருந்தது. செற் உடைந்தவனின் முகம் எப்படி இருக்கும் என்று ஏழு வருசமாகக் கண்ணாடியில் பார்த்தவன் நான். அலுமாரியைத் திறந்து, சந்தையில் வாங்கிய கரண்டியை எடுத்துக் கொடுத்தேன். முதலில் வேண்டாம் என்றா. பிறகு வாங்கி, ஐந்தோடு சேர்த்து வைத்துப் பார்த்தா. "ஆறு," என்றா.

கதவைச் சாத்தியதும் மனிசி கேட்டா.

"இஞ்சேருங்கோ, ஞாயிற்றுக்கிழமை பிளாஸ்டிக் கரண்டி வாங்கப் போகேக்கை உங்களிட்டை வெள்ளிக் கரண்டி எத்தினை இருந்தது?"

"பதினொண்டு."

"இப்ப?"

நான் ஒருதரம் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். பதினொன்று.