வண்டிக்கடியில் தொங்கிய அஞ்சலை

எனக்கு வயது எண்பத்தொன்று. எட்டுப் பிள்ளை பெற்றேன். ஏழு பேரை வளர்த்து ஆளாக்கினேன். என் பெயரை எழுதத் தெரியும், அதற்கு மேல் வராது. அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள்.

இத்தனை வயதில் எத்தனையோ கிறுக்கர்களைப் பார்த்துவிட்டேன். ஆனால் பெண்டாட்டியைச் சட்டியில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனவர் மோருவண்டி என்று ஊரே கூப்பிட்ட ஒருத்தர்தான். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

அது வெள்ளைக்காரன் ஆட்சியில் உலகச் சண்டை நடந்த காலம். விழுப்புரத்திலிருந்து எங்கள் திண்டிவனத்து எண்ணெய்ச் செக்குக்கு அவர் மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றி வருவார். வண்டிக்கடியில் உறி கட்டி ஒரு மோர்ச்சட்டி தொங்கும். அவர் மனைவி அஞ்சலை செத்துப்போன அன்று, முந்தின நாள் அவள் உறை ஊற்றி வைத்த பால் தோய்ந்து இருந்ததாம். அதில் ஒரு கரண்டி எடுத்து மறுநாள் பாலில் விட்டார். அதிலிருந்து ஒரு கரண்டி அதற்கு மறுநாள். பல வருடமாக இப்படித்தான். ஆகையால் சட்டியில் இருப்பது மோர் இல்லை, அஞ்சலை.

"அடியே, பள்ளம் வருது, புடிச்சிக்கோ" என்று வழியெல்லாம் பேச்சு.

மயிலம் பக்கம் ஒரு புதுப் போலீஸ்காரர் வண்டியை மறித்தார்.

"யார்கிட்டடா பேசிக்கினு வர்ற?"

"எம் பொண்டாட்டிங்க."

"எங்க அவ?"

"கீழ தொங்குறாங்க, ஏட்டையா."

முகம் வெளுத்து, லத்தியை நீட்டிக்கொண்டே குனிந்து பார்த்தார் அவர். சட்டியைக் கண்டதும் வந்த கோபத்தில் அவருக்கு வயிறே வலித்துவிட்டது. அதை வாய்விட்டுச் சொன்னதுதான் தப்பு. வயிற்றுவலிக்கெல்லாம் அவரிடம் அஞ்சலைதான் மருந்து; இரண்டு சொம்பு குடிக்கவைத்த பிறகே மோருவண்டி மாட்டைத் தட்டினார்.

இன்னொரு நாள் அதே மயிலம் மலைக்கோயிலில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டார். இவர் சட்டியோடு படியேறி ஓடினார். "தாலிய கட்டட்டும்யா மொதல்ல!" என்று பெண்ணைப் பெற்றவள் கத்தினாள்.

"வயிறு கலங்கினவன் மூணு முடிச்சு எங்கம்மா போடுவான்? ரெண்டாவதுலயே ஓடிடுவான்!" என்றார் இவர்.

என்னிடம் ஒருதரம் விளக்கமே சொன்னார்: "வயிறுன்னா மண்தரை மாதிரிம்மா. உள்ளாற வழவழன்னு ஒரு மெழுக்கு இருக்குது. அது பேந்துச்சுன்னா காரமும் புளிப்பும் நேரா சதையில படும். அஞ்சல போனான்னா ஒரு மூலை உடாம மெழுகிட்டு வருவா."

"நீங்க உள்ள போயி பாத்தீங்களா?"

"நான் எதுக்குப் போவணும்? அவதான் தெனம் போறாளே."

சிரித்தேன். அப்போது சிரிக்க முடிந்தது.

அந்த வருடம் கோமாரி வந்து எங்கள் பக்கத்துக் கறவை மாடுகளெல்லாம் விழுந்தன. பால் கிடையாது. அதே சமயம் என் மூன்றாவது பையன், நாலு வயது, சீதபேதியில் படுத்தான். ரத்தமாகப் போனது. டாக்டர் மருந்து கொடுத்தார். கஞ்சித் தண்ணீர்கூட உள்ளே தங்கவில்லை.

மோருவண்டி வந்தார். சட்டியின் அடியில் ஒரு டம்ளர்தான் இருந்தது. புதிதாகத் தோய்க்கப் பால் இல்லை. அது தீர்ந்தால் அஞ்சலை தீர்ந்தாள். எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"வேணாங்க. உங்களுக்கு உறைக்கு?"

"புள்ள வயிறு பேந்து கெடக்குது. இவ சட்டியில குந்திக்கினு என்ன பண்ணப்போறா?"

பையனை மடியில் போட்டுக்கொண்டார். "போய்ட்டு வாடி. பாத்து மெழுகு" என்று சட்டியிடம் சொல்லிவிட்டு, கரண்டி கரண்டியாகப் புகட்டினார். பையன் வாந்தி எடுக்கவில்லை. உதட்டை நக்கி, "இன்னும்" என்றான்.

சட்டி காலி. சட்டென்று அவருக்கு நினைவு வந்தது. கிளியனூரில் இருக்கும் அஞ்சலையின் தங்கைக்கு எப்போதோ உறைமோர் கொடுத்திருந்தார். "அங்க இன்னும் இருப்பா. மாடு மெதுவா நடக்கும், நான் ஜல்தியா போயி வர்றேன்" என்று வண்டியை எங்கள் வாசலில் விட்டு, சட்டியைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு ஓடினார்.

மறுநாள் பொழுது விடியும்போது பையன் போய்விட்டான்.

ஆம்பிளைகள் எடுத்துக்கொண்டு போன பிறகு நான் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். யார் முன்னாலும் அழுகிறவள் இல்லை நான். தலையில் சட்டியோடு அவர் வந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தன.

"கெடைச்சிட்டாம்மா! புள்ளைய எழுப்பு."

கழுவி விட்டிருந்த வாசலைப் பார்த்தார். அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். சட்டியோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

பிறகு சட்டியை என் பக்கம் நகர்த்தி, "நீ குடிம்மா. நேத்திலேர்ந்து ஒண்ணும் தின்னிருக்க மாட்ட" என்றார்.

வாங்கிக் குடித்தேன். தொண்டையை அறுக்கிற புளிப்பு. பாதியில் நிறுத்திச் சட்டியை நீட்டினேன்.

"முழுசும் குடிம்மா."

"வேணாங்க. உறைக்கு இருக்கட்டும். அஞ்சல அக்காவ பத்திரமா வூட்டுக்குக் கூட்டிக்கினு போங்க" என்றேன்.

அவ்வளவுதான் கண்ணு. எங்கே, எழுதினதை முதலிலிருந்து படி. மெதுவாகப் படி.