வடிகால் அண்ணனும் ஓவர்லோடு மழையும்

காவிரியில் தண்ணீர் வருமா என்று கவலைப்படாத ஒரே ஒரு மனிதரைத்தான் இந்த டெல்டாவில் நான் பார்த்திருக்கிறேன். மேட்டூரை எப்போது திறப்பார்கள் என்று ஊரே டீக்கடையில் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கும்போது, அவர் மட்டும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "வர்றது இருக்கட்டுங்க. வந்தா போறதுக்கு வழி எங்க?" என்பார். மன்னார்குடிக்கு வெளியே வயலை மேடாக்கி மனை போட்ட எங்கள் நகரில் அவருக்கு வடிகால் என்றே பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் எங்கோ இருந்திருக்கும்.

பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தோல் பையைத் திருப்பிக் கொடுத்தாரே தவிர விசிலைக் கொடுக்கவில்லை. கழுத்தில் விசில், மொபெட்டின் பின்னால் கட்டிய மண்வெட்டி. மழை பிடித்தால் நாங்கள் எல்லாரும் வீட்டுக்குள் ஓடுவோம். அவர் வெளியே ஓடுவார். தெருமுனையில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, அடைத்திருக்கும் சருகையும் பாலிதீன் பையையும் வாரிப் போடுவார். தண்ணீர் நகர ஆரம்பித்ததும் இரண்டு விசில். "போலாம் ரைட்! உள்ள போ, உள்ள போ, படியில நிக்காதே!" இதெல்லாம் தண்ணீரிடம்.

என் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு எல்லாரும் குத்துவிளக்கும் சுவர்க்கடிகாரமுமாக வந்தார்கள். இவர் ஒரு வாளித் தண்ணீரோடு வந்தார். நேராக வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போய், நான்கு மூலையிலும் ஊற்றிப் பார்த்துவிட்டு, பந்தியில் உட்கார்ந்திருந்த என் மாமனார் காதுபட, "வீடு அம்சமா இருக்கு தம்பி. ஆனா குளிச்ச தண்ணி குளியலறைக்கே திரும்பி வரும்" என்றார். மாமனாருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதுவாவது என் வீடு. அவருடைய ஒரே மகளுக்கு வரன் பார்க்க, குத்தாலத்துக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனோம். நல்ல இடம், பையன் அரசாங்க வேலை. கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது, பெண்ணின் அப்பாவைக் காணோம். தேடிப் போனால், கொல்லைப்புறத்தில் சம்பந்தி வீட்டுக் குடத்தைக் கவிழ்த்துவிட்டு, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அது எந்தப் பக்கமும் ஓடவில்லை. எழுந்து கைகழுவி, கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டார். கடைசியில் ஓசூரில் கொடுத்தார். "மாப்பிள்ளைக்குச் சம்பளம் கொஞ்சம் கம்மிதான் தம்பி. ஆனா ஊரு மேடு" என்றார்.

எங்கள் நகருக்கும் ஒரு வடிகால் இருந்தது, மனை போடும் முன்பு. நகரின் கடைசிச் சுவரை ஒட்டி, வடிகால் அண்ணனின் ஒரு ஏக்கர் வயல் ஓரமாகப் போய் ஆற்றில் விழும். அதன் மேல்தான் எங்கள் நலச்சங்கத் தலைவர் காரை நிறுத்தச் சிமெண்ட் மேடை கட்டியிருந்தார். மற்றவர்களும் ஆளுக்கு ஒரு லோடு கிராவலைக் கொட்டி அவரவர் வாசலை உயர்த்தியிருந்தார்கள். சங்கக் கூட்டத்தில் எந்த விஷயத்தைப் பேசினாலும் அண்ணன் கடைசியில் அந்த மேடையில்தான் வந்து நிற்பார்.

"இவரு தன்னோட வயலுக்காகக் கத்துறாருங்க" என்றார் தலைவர் ஒருநாள்.

"ஆமாங்க. என் வயலுக்காகவும்தான் கத்துறேன். நடுவுல நீங்களும் இருக்கீங்களே!"

மழையைப் பற்றி டிவியில் ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார். கடல் சூடேறியிருக்கிறதாம். சூடான காற்று முன்னைவிட அதிக ஈரத்தைச் சுமக்கிறதாம். சுமந்ததைச் சில மணி நேரத்தில் ஒரே இடத்தில் கொட்டிவிட்டுப் போகிறதாம். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த அண்ணன் தலையை ஆட்டினார். "ஓவர்லோடு தம்பி. ஸ்டாப்பிங் ஸ்டாப்பிங்கா எறக்கி வுட்டா ஊரு தாங்கும். மொத்தக் கூட்டத்தையும் ஒரே ஸ்டாப்புல எறக்குனா?" எனக்கு இதைவிடத் தெளிவாக யாரும் அதை விளக்கவில்லை. அவருக்கே அது முழுதாக விளங்கியிருக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒருவழியாக நச்சரித்தே காரியத்தைச் சாதித்தார். ஜேசிபி வந்தது. தலைவரின் மேடை பெயர்ந்தது. வடிகால் ஆறு வரைக்கும் ஆழமாகத் திறந்துகொண்டது. அண்ணன் புதுச்சட்டை போட்டுத் தேங்காய் உடைத்து, ஒரு டேங்கர் தண்ணீரை வரவழைத்து அதில் திறந்துவிட்டு, விசில் ஊதி ஆறு வரைக்கும் கூடவே நடந்தார். அந்த ஐப்பசி மழையில் தெருவில் ஒரு சொட்டு நிற்கவில்லை. எதிரே வந்தவர்களிடமெல்லாம், "கேட்டீங்களா, போயிடுச்சு" என்றார்.

அந்த மழை போன பிறகு இன்னொரு மழை வந்தது. மார்கழிக் கடைசி. கடைத்தெருவில் பொங்கல் கரும்பு வந்து இறங்கிவிட்டது. பனி கொட்ட வேண்டிய விடியற்காலையில் வானம் உடைந்துகொண்டு ஊற்றியது. எதிர்வீடு தெரியவில்லை. நான் குடையோடு போனபோது அண்ணன் வடிகால் வாயில் நின்றுகொண்டிருந்தார். தண்ணீர் ஆற்றுக்குப் போகவில்லை. ஆறு நிரம்பி, அவர் வெட்டிய அதே வழியாக எதிர்த்து ஏறி எங்கள் தெருவுக்குள் வந்துகொண்டிருந்தது. அவர் ஒரு விசில் ஊதினார். ஒரு விசில் என்றால் நில் என்று அர்த்தம். மறுபடியும் ஊதினார். அதைச் சட்டை செய்யாமல் தண்ணீர் அவர் தொடையைத் தாண்டி வந்தது.

"இந்த ஆளு வெட்டுன வழியாத்தான்யா வருது!" என்று மாடியிலிருந்து தலைவர் கத்தினார்.

அண்ணன் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "ஆமாங்க. நான் பழைய மழைக்கு வெட்டுனேன். இது வேற மழை" என்றார். அவர் குரல் அவ்வளவு சின்னதாக நான் கேட்டதில்லை.

தெருவே சேர்ந்து மணல் மூட்டையைப் போட்டு ஆற்றுப் பக்க வாயை அடைத்தோம். இப்போது ஆற்றுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. பெய்கிற தண்ணீர் வெளியே போகவும் வழி இல்லை. என் வீட்டுக் கூடத்தில் பக்கவாதத்தில் படுத்திருக்கும் அம்மாவின் கட்டிலுக்குக் கீழே தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. மாடிக்குத் தூக்கிப் போகப் படி வெளியே இருக்கிறது. அந்தப் படியில் அருவி கொட்டியது. கட்டில் காலுக்குச் செங்கல் வைத்தேன். அந்தச் செங்கலும் முழுகியது. அம்மா கண்ணை மூடிக்கொள்ளாமல் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் சொட்டச் சொட்ட உள்ளே வந்தார். அம்மாவைப் பார்த்தார், செங்கலைப் பார்த்தார். "எறங்கிடும்மா. எல்லாம் எறங்குற கூட்டம்தான், பயப்படாதீங்க" என்றார். அடுத்த நிமிடம் மொபெட்டிலிருந்து மண்வெட்டியை அவிழ்ப்பது ஜன்னல் வழியே தெரிந்தது.

எங்கள் எல்லார் வீட்டையும்விடப் பள்ளத்தில் இருந்தது அவர் வயல் ஒன்றுதான். சம்பா முற்றிக் கதிர் தலைகுனிந்து நின்றது. பொங்கல் கழித்து அறுக்க மிஷின் சொல்லி வைத்திருந்தார். நல்ல உயரத்துக்கு வரப்புப் போட்டு, இன்ஜின் வைத்து இறைத்து, அதுவரைக்கும் அதைக் காப்பாற்றியிருந்தார். அந்த வரப்பைத்தான் வெட்டினார்.

நான் ஓடிப்போய், "அண்ணே, வேணாம்ணே" என்றேன். சொன்னேனே தவிர மண்வெட்டியைப் பிடிக்கவில்லை. அவரும் திரும்பவில்லை. உடைப்பு அகலமாகி எங்கள் தெருத் தண்ணீர் முழுவதும் கதிர்மேல் பாய்ந்தபோது, பழக்கதோஷத்தில் விசில் அவர் வாய்க்குப் போனது. ஊதவில்லை. கையை மட்டும் அசைத்து உள்ளே அனுப்பினார்.

அம்மாவின் கட்டிலுக்குக் கீழே தரை தெரிந்தது. அண்ணனின் நெல் நின்ற இடத்திலேயே முளைத்து அழுகியது. பொங்கலன்று தலைவர் கரும்பும் பழமுமாக அவர் வீட்டுக்குப் போய் வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு வந்தார். அதன் பிறகு அண்ணன் யார் வீட்டிலும் வழி எங்கே என்று கேட்கவில்லை. மகள் வந்து ஓசூருக்குக் கூட்டிப் போய்விட்டாள்.

இந்த வருஷம் பெருமழை பிடித்த அன்று மத்தியானம் போன் வந்தது.

"தம்பி, டிவியில காட்டுறான். தண்ணி எப்படிப் போவுது?"

வாசலில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, "ஜோரா வடியுதுண்ணே" என்றேன்.

"அப்ப தவளை ஏன் இவ்வளவு கிட்டக் கத்துது?"

போனைக் கையால் பொத்தினேன். அவர், "போனைத் தண்ணிகிட்ட நீட்டிப் புடி" என்றார். ஸ்பீக்கரில் போட்டு நீட்டிப் பிடித்தேன். இரண்டு விசில். "போலாம் ரைட்..." மறுபடியும் இரண்டு விசில். உள்ளே கட்டிலில் அம்மா, "வந்துட்டாரா?" என்று குழறலாகக் கேட்டாள்.

தண்ணீர் அசையவில்லை. அவர் ஊதி முடிக்கும்வரை போனை நீட்டிப் பிடித்தபடியே நான் நின்றுகொண்டிருந்தேன்.