வேனைத் தவிர அனைவரும் நலம்

ஓசூர்
9-5-1987

பேரன்பும் மரியாதையும் உள்ள மாமா அவர்களுக்கு, தங்கை மகள் சபீஹா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே அத்தா, அம்மா, நான் மூவரும் இறைவன் அருளால் நலம். கிருஷ்ணகிரியில் தாங்களும் மாமியும் கல்யாணப் பெண் காத்தூனும் நலமாக இருக்க துஆ செய்கிறோம். நலமில்லாதது வேன் மட்டும்தான். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

போன ஞாயிற்றுக்கிழமை தாங்கள் பத்திரிகை வைக்க வந்திருந்தபோது நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். சாப்பாட்டைப் பாதியில் நிறுத்தி, "மாப்ளே, நிக்காஹ் முடிஞ்சதும் பொண்ணப் பாகலூருக்கு நம்ம வேன்லதான் அனுப்பணும். ராசியான வண்டி. பொம்பளைங்க பத்துப் பேரு, புள்ளைங்க எத்தன வேணா ஏத்திக்கலாம்" என்றீர்கள். அத்தா கொஞ்சமும் யோசிக்காமல், "உங்க வண்டிதானே மச்சான், இதுல கேக்கறதுக்கு என்ன இருக்குது" என்றார். அம்மா உங்கள் தட்டில் இன்னொரு கறித்துண்டை வைத்தார். நான் தண்ணீர் கொண்டுவரப் போனேன். அந்த வேனில் உட்கார்ந்தால் காலுக்கடியில் ரோடு ஓடுவது தெரிகிறது என்று நான் சொல்லவில்லை. நம் வீட்டில் யாரும் பொய் சொல்வதில்லை, மாமா. சாப்பிடும் நேரத்தில் உண்மையும் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

ரோடு தெரிவதுகூடப் பெரிய விஷயமில்லை, ஒரு தகரத்தை அடித்து மூடிவிடலாம். போய்விட்டது சேஸ். வண்டி முழுவதையும் அடியில் தாங்கிக்கொண்டிருக்கிற நீளமான இரண்டு இரும்பும் உள்ளுக்குள் துருவாகிவிட்டன. எட்டு வருஷத்துக்கு முன்னால் அத்தாவின் தோல் மண்டி நொடித்து, அவர் வெளியே தலைகாட்டாமல் இருந்தபோது, யாரும் கேட்காமல் நீங்களே வேனைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திச் சாவியை அம்மா கையில் கொடுத்தீர்கள். "உப்புத்தோல் ஏத்துனா கீழ ஒரு தகரத் தட்டு போட்டுக்கங்க மாப்ளே, உப்புத்தண்ணி இரும்பத் தின்னுடும்" என்று ஒன்றே ஒன்றுதான் சொன்னீர்கள். அத்தா அப்படியே போட்டார். ஒரு வருஷத்தில் உப்புத்தண்ணீர் தட்டைத் தின்று முடித்தது. அதற்குப் பிறகு வாணியம்பாடிக்குப் போன தோலெல்லாம் தட்டில்லாமல்தான் போனது. தட்டு முடிந்ததும் உப்புத்தண்ணீர் பட்டினியா கிடக்கும், மாமா?

இப்போது நிலைமை என்னவென்றால், அத்தாவும் அம்மாவும் முன்னால் உட்கார்ந்தால் வேன் நடுவில் லேசாகத் தொய்கிறது, கதவுகள் இரண்டும் இறுகிக்கொள்கின்றன, இறங்குவதென்றால் பின்னால் உட்கார்ந்திருக்கும் நான் முதலில் இறங்கி வெளியிலிருந்து காலை முட்டுக்கொடுத்து இழுக்க வேண்டும், அவர்கள் இறங்கிவிட்டாலோ கதவு மூடுவதில்லை. "ஓடற வண்டில கதவு தானாத் தொறந்துக்காது, இதவிட என்ன வேணும்" என்கிறார் அத்தா. ஜூஜுவாடி செக்போஸ்ட்டில் ஒருவர் குனிந்து அடியில் பார்த்துவிட்டு, "ஏனு சாயிப்ரே, காடியா ஜரடியா?" என்று கன்னடத்தில் கேட்டார். வண்டியா சல்லடையா என்கிறார். அத்தா அவரிடம் அவருடைய குழந்தைகளின் படிப்பை விசாரித்துவிட்டு வந்துவிட்டார்.

போன மாதம் சானமாவுக் காட்டு வளைவில் டயர் பஞ்சர். நான் உள்ளே உட்கார்ந்து லைப்ரரி புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன். அத்தா ஜாக்கியை வைத்துச் சுற்றினார். ஜாக்கி ஏறியது, வேன் ஏறவில்லை. சீட்டுக்குக் கீழே ஏதோ நிமிண்டுகிறதே என்று பார்த்தால் தரையைப் பொத்துக்கொண்டு ஜாக்கி எட்டிப் பார்க்கிறது. "அத்தா, ஜாக்கி உள்ள வந்துடுச்சு" என்றேன். "கத்தாதம்மா, யான வந்துடப் போவுது" என்றார். கடைசியில் மணல் லாரியில் வந்த நாலு பேர் வேனைக் கையாலேயே தூக்கிப் பிடிக்க, டயரை மாற்றினோம். "வண்டி லேசாத்தான் இருக்குது பாய்" என்றார் தூக்கினவர்களில் ஒருவர். அத்தா அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு நன்றி சொன்னார்.

நீங்கள் வந்துபோன மறுநாளே அத்தா வேனை வெல்டர் கங்கப்பனிடம் கொண்டுபோனார். எனக்கும் அந்தப் பக்கம் வேலை இருந்ததால் கூடப் போனேன். கங்கப்பன் சேஸில் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினார். டங்கென்று கேட்க வேண்டிய இடத்தில் பொத்தென்று கேட்டது. இரண்டாவது தட்டில் சுத்தியலின் தலை உள்ளேயே தங்கிவிட்டது, கைப்பிடி மட்டும் அவர் கையில். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பாய், வெல்டு வெக்கணும்னா புடிச்சிக்க ஒரு எடத்துலயாவது இரும்பு வேணுமில்ல? இங்க பெயிண்ட்டுதான் பெயிண்ட்டத் தாங்குது" என்றார்.

"கல்யாணத்துக்கு ஒரே ஒரு நாள் ஓடுனாப் போதும் கங்கப்பா."

"எத்தன பேரு ஏறுவாங்க?"

"பொம்பளைங்க பத்து. அப்புறம் புள்ளைங்க."

கங்கப்பன் கைப்பிடியைக் கீழே வைத்தார். "பாய், நீங்க தனியாப் போறதுன்னாலே நான் வேணாம்பேன். புள்ளைங்கள ஏத்தாதீங்க. உங்க காசும் வேணாம்" என்று சொல்லிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். அத்தா வரும் வழியில் ஒரு டப்பா கறுப்புப் பெயிண்ட் வாங்கிக்கொண்டார்.

நேற்று அதை அடித்துக்கொண்டிருக்கும்போது, வேனுக்கு அந்தப் பக்கம் நான் துணி உலர்த்துவது தெரியாமல் இருவரும் பேசிக்கொண்டார்கள்.

"எங்கண்ணங்கிட்ட சொல்லிட்டா என்ன? உங்க தலையவா வாங்கிடப் போறாரு?" என்றார் அம்மா.

"தலைய வாங்கிட்டாக்கூடத் தேவல ரஹமத்து. 'பரவால்ல மாப்ளே'ன்னு சொல்லுவாரு. அதத்தான் என்னால காதால கேக்க முடியாது."

அதற்குப் பிறகு பிரஷ் சத்தம்தான் கேட்டது. இரும்பில் பிரஷ் தேய்க்கிற சத்தம்கூட இல்லை, மாமா, அட்டைப்பெட்டியில் தேய்க்கிற மாதிரி இருந்தது.

அதனால் உங்களிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். காத்தூனை அதில் ஏற்றாதீர்கள். மாப்பிள்ளை வீட்டார் தாங்களே பஸ் வைப்பதாகப் பிடிவாதம் பிடிக்கிறார்கள் என்று ஒரு கார்டு போடுங்கள். அத்தா முகத்தைத் தொங்கவிட்டுக்கொள்கிற மாதிரி நடித்துவிட்டு அன்றிரவு நிம்மதியாகத் தூங்குவார். நான் எழுதியது அவருக்குத் தெரிய வேண்டாம். தெரிந்தால் என்னைத் திட்ட மாட்டார், பெயிண்டை எடுத்துக்கொண்டு மறுபடியும் வேனுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்வார். அப்போது அது அவர் மேலேயே உட்கார்ந்துவிடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

மாமிக்கு என் ஸலாம். காத்தூனுக்கு என் முத்தங்கள், மருதாணி இடும்போது எனக்காக ஒரு விரலை மிச்சம் வைக்கச் சொல்லுங்கள். உங்கள் எல்லோருக்கும் நீண்ட ஆயுளையும் நல்ல இரும்பாலான வாகனங்களையும் இறைவன் தரட்டும்.

இப்படிக்கு
என்றும் உங்கள் அன்பு மறவாத
சபீஹா

பி.கு.: மாமா, மேலே எழுதியது எதையும் நீங்கள் செய்ய வேண்டியதில்லை. ராத்திரி எழுதி முடித்து, இன்று காலை ஒட்டலாம் என்று எழுந்தால் வாசலில் வேன் இல்லை. "எங்கண்ணன் மூஞ்சியப் பாத்து நானே சொல்லிடறேன்னு கெளம்பிட்டாரு. வாயில வார்த்த வரலன்னா வண்டியக் காட்டிடலாம்னுதான் அதுலயே போறாராம்" என்றார் அம்மா. இருவரும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். பத்து மணிக்கு எதிர்க்கடை நாகம்மாள் வந்து போன் வந்திருப்பதாகக் கூப்பிட்டார். பேசியவர் ஒரு டீக்கடைக்காரர். சூளகிரிக்கு இந்தப் பக்கம் அத்தா வேனை ரோட்டோரம் நிறுத்திவிட்டு டீ குடிக்க இறங்கியிருக்கிறார். கிளாஸை வாங்கித் திரும்புவதற்குள் வேன் நடுவில் மடிந்து தரையில் உட்கார்ந்துவிட்டது. அத்தாவுக்கு ஒரு கீறலும் இல்லை. டீயை முழுசாகக் குடித்துவிட்டு உங்கள் வீட்டுக்குப் பஸ் ஏறியிருக்கிறார்.