பார்த்தேன், நன்றி

"'பார்த்தேன், நன்றி'ன்னு மட்டும் போட்டு விடுங்க. இங்க நெட் போயிடுச்சு. நான் கொஞ்சம் படுக்கிறேன், தலை வலிக்குது" என்றாள் மனைவி, ஊரிலிருந்து போனில்.

அவர் தன் கம்ப்யூட்டரில் அவளுடைய ஆபீஸ் கணக்கைத் திறந்தார்.

"பாஸ்வேர்டு?"

"உங்க பேர்தான். பின்னாடி ஒரு ஆச்சரியக்குறி."

"அது எதுக்கு?"

"அவங்க கேட்டாங்க. எனக்கு அப்படி ஒண்ணும் ஆச்சரியம் இல்ல."

"சரி, 'பார்த்தேன்'க்கு அப்புறம் கமா போடலாமா, முற்றுப்புள்ளியா?"

"அய்யோ, எதையாவது போடுங்க. மேனேஜர் காத்துக்கிட்டிருக்கார்."

அவர் யோசித்து கமாவே போட்டு அனுப்பினார். அனுப்பிவிட்டதைச் சொல்லத் திரும்ப அழைத்தபோது மச்சான் எடுத்தான். அவன் குரல் சரியாக இல்லை. மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்திருந்தது.

அவரும் மகளும் ஊருக்குப் பறந்து போய், செய்ய வேண்டியதைச் செய்து முடித்தார்கள். ஈரத் துண்டோடு உட்கார்ந்திருந்தவரிடம் மச்சான் மெதுவாக வந்து உட்கார்ந்தான்.

"அத்தான், அக்கா ஆபீஸுக்குச் சொல்லிட்டீங்களா?"

"நாளைக்குச் சொல்லணும்."

"சொன்னா என்ன ஆகும்?"

இருவருக்கும் தெரியும். அந்த நாட்டில் அவர்கள் வசித்தது அவள் படிப்பின் பேரில். புள்ளியியலில் டாக்டர் பட்டம் வாங்கியவள் என்பதால் அரசாங்கம் அவளுக்கு உயர்தகுதியாளர் அனுமதி கொடுத்திருந்தது. அவருக்கும் மகளுக்கும் கிடைத்த அட்டையில் 'சார்ந்திருப்பவர்' என்று அச்சாகியிருந்தது. அவர் ஊரில் பதிப்பகம் ஒன்றில் புரூஃப் பார்த்தவர். உலகத்தில் எந்த நாடும் புரூஃப் பார்ப்பவர்களுக்கு ஏங்கிக்கொண்டிருக்கவில்லை.

"அனுமதி ரத்தாகும். ஒரு மாசத்துல கிளம்பணும்" என்றார் கடைசியில்.

"பாப்பாவுக்குப் பள்ளிக்கூடக் கடைசிப் பரீட்சை எப்ப?"

"நாலு மாசம் இருக்கு."

"அப்ப நாலு மாசம் கழிச்சுச் சொல்லுங்க."

"செத்துப் போனவளை உயிரோட இருக்கான்னு சொல்லச் சொல்றியாடா?"

"நீங்க எதுவும் சொல்ல வேண்டாம் அத்தான். செத்துட்டான்னு சொல்லாதீங்க, அவ்வளவுதான். அக்காதான் அம்மாவைப் பார்த்துக்கிட்டு இங்கிருந்தே வேலை செய்யறதா அனுமதி வாங்கிட்டு வந்தாளே. அப்படியே செய்யறா."

அவருக்கு அது அருவருப்பாக இருந்தது. மகளின் முகத்தைப் பார்த்ததும் அருவருப்பு இரண்டாம் இடத்துக்குப் போனது.

திரும்பி வந்ததும் கணக்கைத் திறந்தார். அவள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரிந்தது. அம்மாவுக்கு அந்தக் கணக்குக்கே செய்தி அனுப்பிப் பழகிய மகள், தன் போனில் அதைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள்.

"அப்பா, அம்மா ஆன்லைன்ல..." என்று தொடங்கியவள், அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

முதலில் எல்லாம் சுலபமாகவே இருந்தது. அந்தக் கம்பெனியில் யாரும் யாரையும் பார்த்ததில்லை. எல்லாரும் அவரவர் வீட்டில், காமிராவை அணைத்துவிட்டு வேலை செய்பவர்கள். மேனேஜரும் அவர்களைப் போல வேறொரு நாட்டிலிருந்து வந்தவர். அறிக்கை வரும். "பார்த்தேன், நன்றி" என்று போடுவார். ஒரு உயர்தகுதியாளர் செய்யும் வேலையில் பெரும்பகுதி இதுதான் என்பது தெரிந்தபோது, அவள் மாலையில் அவ்வளவு களைத்துப் போனது ஏன் என்று அவருக்கு விளங்கவில்லை.

பிறகு மேனேஜர் எழுதினார்: "உங்கள் கருத்தைச் சொல்லவில்லையே?"

அறிக்கையில் இருந்தவை அவர் வாழ்க்கையில் பார்த்தறியாத வரைபடங்கள். தெரிந்ததைச் செய்தார். எழுத்துப்பிழைகளைத் திருத்தினார். ஓர் எண் முதல் பக்கத்தில் ஒரு மாதிரியும் கடைசிப் பக்கத்தில் வேறு மாதிரியும் இருந்தது. பதிப்பகத்தில் செய்வதைப் போலவே ஓரத்தில், "இது எங்கிருந்து வந்தது?" என்று எழுதி அனுப்பினார்.

அது எங்கிருந்தும் வரவில்லை. யாரோ கற்பனையில் போட்டிருந்தார்கள். கம்பெனியே ஆடிப்போனது. "இந்தக் கேள்வியைக் கேட்க உங்களைத் தவிர இங்கே ஆளில்லை" என்று மேனேஜர் பாராட்டினார். அடுத்த நாளிலிருந்து எல்லாருடைய அறிக்கைகளும் அவளுக்கே வந்தன.

"என்ன அத்தான் இது? அக்கா இருந்தப்பகூட இவ்வளவு பேர் எடுக்கலையே!" என்றான் மச்சான்.

"வாயை மூடு."

வேலையைக் குறைக்க ஒரு வழி கண்டுபிடித்தார். "உடம்பு சரியில்லை" என்று எழுதினார். மேனேஜர் துருவிக் கேட்பார், போனில் கூப்பிடுவார் என்று பயந்துகொண்டிருந்தார். வந்த பதில் வேறு மாதிரி இருந்தது. "ஓய்வெடுங்கள். போனெல்லாம் வேண்டாம், நானும் பேசும் நிலையில் இல்லை. எழுத்தே போதும். உங்களை யார் கவனித்துக்கொள்கிறார்கள்?"

"கணவர்."

"அவர் எப்படி இருக்கிறார்?"

இப்படி ஒரு கேள்வியை அவரிடம் அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை. ரொம்ப நேரம் யோசித்து, "மிகவும் நல்லவர், பொறுமைசாலி" என்று தட்டினார். பின்னால் நின்ற மகள் எட்டிப் பார்த்தாள்.

"அம்மா சத்தியமா இப்படி எழுத மாட்டாங்கப்பா."

"வேற எப்படி எழுதுவா?"

"'சமாளிக்கிறார்'னு போடுவாங்க."

அழித்துவிட்டு, "சமாளிக்கிறார்" என்று அனுப்பினார்.

"அது பெரிய விஷயம்" என்று பதில் வந்தது.

அன்றிலிருந்து மேனேஜர் வேலையைக் குறைத்துவிட்டு விசாரிப்பை அதிகமாக்கினார். தூங்கினீர்களா, சாப்பிட்டீர்களா என்பார். அவரும் மனைவியின் பேரில் மேனேஜரை விசாரிப்பார். பகலில் வீட்டில் அவரோடு பேச வேறு யார் இருந்தார்கள்?

பிறகு இடி விழுந்தது. மேனேஜர் அவளைப் பதவி உயர்வுக்குப் பரிந்துரைத்திருந்தார். கூடவே மேல்நிலை அனுமதிக்கும்.

"எனக்கு அந்தத் தகுதி இல்லை" என்று அவர் எழுதினார், முழு உண்மையாக.

"தகுதி உள்ளவர்கள்தான் இப்படிச் சொல்வார்கள்" என்றார் மேனேஜர்.

"தயவுசெய்து வேண்டாம்."

"மறுக்காதீர்கள். மேல்நிலை அனுமதி கிடைத்துவிட்டால், நாளை உங்களுக்கு ஏதாவது ஆனாலும் உங்கள் குடும்பத்தை யாரும் வெளியே போகச் சொல்ல முடியாது. இது தெரியாமல் போனதில் எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்."

அதைப் படித்துவிட்டு அவர் கம்ப்யூட்டரை மூடிவைத்தார். இவ்வளவு நல்ல மனிதரை ஏமாற்றுகிறோமே என்று இருந்தது அவருக்கு.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது அனுமதி அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. அனுமதி பெறுபவரும் பரிந்துரைத்தவரும் ஒரே நாளில் நேரில் வர வேண்டும். கைரேகை எடுப்பார்கள்.

"அத்தான், சின்னக்காவை அனுப்பி வைக்கட்டுமா? அச்சு அசல் அக்கா ஜாடை" என்றான் மச்சான்.

"ஜாடை சரிடா. கைரேகை?"

"கைரேகை ஒரு பிரச்சினைதான்" என்றான்.

அவர் போனை வைத்துவிட்டுத் திரும்பினார். மகள் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லிடுங்கப்பா."

"பரீட்சை?"

"முடிஞ்சா எழுதறேன். விடலைன்னா ஊர்ல முதல்லேருந்து படிக்கிறேன். ஸ்கூல்ல தினமும் அம்மா எப்படி இருக்காங்கன்னு கேக்கறாங்க. நானும் நல்லா இருக்காங்க, நல்லா இருக்காங்கன்னு... என்னால முடியலப்பா. எனக்கு எல்லார் முன்னாடியும் அழணும்."

அலுவலகத்தில் அவருடைய எண் வந்தது. கவுன்டரில் கண்ணாடி போட்ட அதிகாரி ஒருவர் தலை நிமிராமல் கேட்டார்.

"அம்மா எங்கே?"

"வர முடியாது."

"உடம்பு சரியில்லையா? வேற தேதி தரட்டுமா?"

"எந்தத் தேதியிலும் வர முடியாதுங்க. இறந்துட்டாங்க."

அதிகாரி நிமிர்ந்தார். "எப்ப?"

சொன்னார்.

"அதுக்கப்புறம்தானே பதவி உயர்வே வந்திருக்கு! அப்ப இத்தனை நாள் வேலை பார்த்தது?"

"நான்தான்."

"நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"புரூஃப் படிச்சிருக்கேன்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். சிரிப்பதா, காவலரைக் கூப்பிடுவதா என்று அவருக்குத் தெரியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"என்ன தண்டனை வேணும்னாலும் குடுங்க. பொண்ணை மட்டும் பரீட்சை எழுத விடுங்க. அவ சின்னவ, இது என் வேலை" என்றார் அவர். அப்புறம் ஏதோ நினைவு வந்தவராகக் கவுன்டரை நோக்கிக் குனிந்தார். "இன்னொண்ணு. எங்க மேனேஜர் தங்கமான மனுஷர். அவருக்கு இதுல எதுவும் தெரியாது. அவர் மேல எந்தப் பழியும் போட்டுடாதீங்க."

அதிகாரி கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அவர் மேல எப்படிங்க பழி போடறது? அவர் செத்தே ஒரு வருஷமாச்சாம். இத்தனை நாளும் அவர் பேர்ல எழுதினது தான்தான்னு அவர் வீட்டம்மா இப்பத்தான் பக்கத்து கவுன்டர்ல ஒத்துக்கிட்டாங்க. 'அந்தப் பொண்ணு தங்கமானவ, அவளுக்கு எதுவும் தெரியாது, அவ மேல பழி போட்டுடாதீங்க'ன்னு அழுதுட்டுப் போறாங்க."