பச்சைக் காலும் பதினேழு அமுக்கலும்

அன்பு மருமகளுக்கு,

உன் மாமா எழுதுவது. இங்கே நான் முழுச் சுகம், உன் அத்தை முக்கால் சுகம். மீதிக் காலைப் பற்றித்தான் இந்தக் கடிதம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடந்தது அத்தனையும் ஆறு மாதத்துக்கு முன்பே நான் சொன்னதுதான். யாரிடம் சொன்னீர்கள் என்று குறுக்குக் கேள்வி கேட்காதே. சொன்னேன், அவ்வளவுதான்.

நீ இரண்டு விஷயம் கேட்டிருந்தாய். அத்தைக்குக் கண்ணில் கோளாறு என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேனே, அது என்ன, அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பது ஒன்று. உன் அம்மா இப்போதெல்லாம் போகும்போதும் வரும்போதும் கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்கிறாளே, ஏன் என்பது இன்னொன்று. இரண்டாவதற்குப் பதில் சுலபம். என் அக்கா பிறந்ததிலிருந்தே அப்படித்தான், நிலைதான் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். முதலாவதைக் கேள்.

வலது பக்கம் வைத்த டீ டம்ளர் அத்தையின் வாய்க்குப் போகும், இடது பக்கம் வைத்தது தரைக்குப் போகும், இது முதல் அறிகுறி, நான் உடனே கவனித்துவிட்டேன், பிறகு மருந்துக்கடைப் பெயர்ப்பலகைக்கு நான் கலக்கி வைத்திருந்த பச்சைப் பெயின்ட் டப்பாவில் இடது காலைக் கணுக்கால் வரை விட்டாள், விட்டதோடு நில்லாமல் "இதை யாரு இங்க வெச்சது?" என்று ஒரு சத்தம் வேறு, அந்தக் காலோடு முன்னறை முழுக்க நடந்து தரையில் ஒரு தோப்பே போட்டாகிவிட்டது. அடுத்து பேக்கரிப் பலகை. ஏணியை அவள் தள்ளிப் பிடித்ததால்தான் எல்லாம் கெட்டது. இறங்கி வந்தால் பேக்கரிக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறார். "அண்ணே, எங்க பேர்ல முதல் எழுத்து பக்கத்துக் கடைச் சுவருக்குப் போயிடுச்சே?" என்றார். "பேர் பரவட்டும் தம்பி" என்றேன். முப்பது வருஷமாகப் பலகை எழுதுகிறவனுக்குப் பதிலா பஞ்சம்? ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன்தான், ஆனால் அந்தப் பள்ளியின் பெயர்ப்பலகையே என் கை எழுதியது.

சரி, கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போனேன். அங்கேதான் ஒரு சங்கடம். கண் பார்க்க அங்கே மாட்டியிருக்கும் எழுத்துப் பலகையும் என் கைவேலைதான், மூன்று நாள் நம் வீட்டு முன்னறையில்தான் காய்ந்தது. கேட்க வேண்டுமா, மேல் வரியிலிருந்து கீழ் வரி வரை கடகடவென்று ஒப்பித்தாகிவிட்டது, கடைசி மூலையில் நான் எறும்பளவில் போட்டிருந்த என் கையெழுத்து உட்பட. கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "இந்தக் கண்ணுக்குக் கண்ணாடி வித்தா எனக்குப் பாவம் வந்துடும்." அந்தப் பெருமையோடு திரும்பும்போது அவர் கடை வாசலில் இடது ஓரமாக நிறுத்தியிருந்த ஆளுயர விளம்பரப் பலகை டமார். கடைக்காரர் முகம் மாறிவிட்டது. "அவ்ளோ பொடி எழுத்து தெரியுது, பக்கத்துல நிக்கற பலகை தெரியலையே? கண் டாக்டர்கிட்ட இன்னிக்கே போயிடுங்க" என்றார். நான் நினைத்ததையேதான் அவரும் சொன்னார்.

டாக்டரம்மா ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார். நடுவில் ஒரு விளக்கு, அதையே பார்க்க வேண்டும், சுற்றிலும் எங்காவது சின்னப் புள்ளி மின்னினால் கையிலிருக்கும் பட்டனை அமுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. அத்தை சும்மா இருப்பாளா, அமுக்கு அமுக்கு என்று அமுக்கித் தள்ளிவிட்டாள். டாக்டரம்மா தாளைப் பார்த்தார்.

"வெளிச்சமே போடாதப்ப பதினேழு தடவை அமுக்கியிருக்கீங்க. அப்படி என்னத்தப் பார்த்தீங்க?"

"வரப்போறது எனக்கு முன்னாடியே தெரிஞ்சிடும்."

"இது பரீட்சை இல்லைங்க. இங்க ஏமாத்தி ஜெயிச்சா உங்களுக்குத்தான் நஷ்டம். தெரிஞ்சா அமுக்குங்க, தெரியலைன்னா சும்மா இருங்க."

மறுபடியும் வைத்தார்கள். இந்த முறை பட்டன் சத்தம் அங்கொன்று இங்கொன்று. இடையில் வெகுநேரம் ஒன்றுமே கேட்கவில்லை. தாள் வந்தது. இடது ஓரம் முழுக்கக் கறுப்பு. எத்தனையோ டப்பா கறுப்புப் பெயின்ட் பார்த்தவன் நான். அந்தக் கறுப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கிறதாம். வலி கிடையாது, நேராகப் பார்ப்பது பளிச்சென்று தெரியும், ஓரம் மட்டும் ஓசைப்படாமல் போகுமாம். "போனது வராது. இருக்கறதை விடாம சொட்டு மருந்து போட்டுக் காப்பாத்திக்கலாம். ஒரு நாளும் தவறக் கூடாது" என்றார். அன்று முதல் தினமும் சொட்டு போடுகிறோம். முதல் சொட்டு மூக்குக்கும் இரண்டாவது காதுக்கும் போனது, இப்போது கண்ணைக் கண்டுபிடித்துவிட்டோம். ஆக, நல்ல நேரத்தில் கூட்டிப்போன பெருமை என்னைச் சேர்ந்தது.

உன் வேலை சிறக்கட்டும், வீடு நிறையட்டும், நினைத்தது கைகூடட்டும். அக்காவுக்கு என் வணக்கம், அவள் வீட்டுக் கதவு நிலைக்கு என் அனுதாபம்.

இப்படிக்கு
உன் மாமா

பின்குறிப்பு: உறையில் போடுமுன் உன் அத்தை இதை வாங்கிப் படித்தாள். "டாக்டரம்மா கடைசியா சொன்னதை ஏன் எழுதலை?" என்றாள். இடம் போதவில்லை என்றேன். "உங்க அக்கா கண்ணைவிட உங்க கௌரவம் பெருசா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். டாக்டரம்மா கடைசியாகச் சொன்னது, இந்த நோய் ரத்தத்தில் ஓடும், கூடப் பிறந்தவர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் உடனே பரிசோதிக்கச் சொல்லுங்கள் என்பது. அத்தை வேறு குடும்பத்துப் பெண், அவள் ரத்தத்துக்கும் உன் அம்மா ரத்தத்துக்கும் சம்பந்தம் கிடையாது. அதனால் மேலே எழுதியதில் ஒரே ஒரு சின்னத் திருத்தம். அத்தையின் கண்ணுக்கு ஒன்றுமில்லை. பச்சைக் கால் என்னுடையது. பதினேழு தடவை அமுக்கியதும் நான்தான். அக்கா என்னோடு வளர்ந்த காலத்தில் எதிலும் இடித்துக்கொண்டதில்லை. இந்த வாரமே அவளைக் கூட்டிக்கொண்டு போ, நீயும் உட்கார். கையில் பட்டனைக் கொடுத்தால் தெரிந்ததற்கு மட்டும் அமுக்கச் சொல். நம் குடும்பத்துக்கு அது கொஞ்சம் கஷ்டம்தான், ஆனாலும் சொல்.