சவாசனத்தில் ஓர் அறிவிப்பு

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் மருமகளைப் பெற்றவன் தலைகுனிந்தபடி எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவியும் உடம்பளவில் நலம். தங்கள் நலத்தை விசாரிக்கும் யோக்கியதை எனக்கு இல்லை என்பதால் அந்த வரியை எழுதாமல் விடுகிறேன். நேற்று யோகா வகுப்பு முடிந்ததிலிருந்து தங்களுக்குப் போன் செய்துகொண்டே இருக்கிறேன், தாங்கள் எடுக்கவில்லை. இன்று காலை நேரில் வந்து மணி அடித்தேன், கதவு திறக்கவில்லை. ஆனால் உள்ளே தாங்கள் மூச்சுப் பயிற்சி செய்யும் சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது. வழக்கமாகப் பூனை மாதிரி வந்து போகும் மூச்சு, இன்று குக்கர் மாதிரி வந்ததால், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கி வந்துவிட்டேன். ஆகையால் இந்தக் கடிதம். ஆயுள் முழுக்க அச்சகத்தில் பிழை திருத்தியவருக்கு எழுதுகிறோமே என்று ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை படித்துப் பார்க்கிறேன். சந்திப் பிழைகளை மன்னித்துவிடுங்கள். நான் எழுத வந்தது சம்பந்திப் பிழையைப் பற்றி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நேற்று நான் வாய் திறந்தது தூக்கத்தில்தான். அந்த அறிவிப்பைத் தூக்கத்தில்தான் சொன்னேன். உங்கள் மகன் மேலும் என் மகள் மேலும் இதில் ஒரு குற்றமும் இல்லை. உங்கள் கோபம் முழுவதையும் என் தலையில் கொட்டுங்கள், அவர்கள் மேல் ஒரு சொட்டுக்கூடத் தெறிக்க வேண்டாம்.

என்னை யோகாவுக்கு இழுத்துக்கொண்டு போனவர் நீங்கள். எனக்கு முட்டிவலி வந்தபோது, "சம்பந்தி, இத்தனை வருஷமா மைக்ல ஊருக்கெல்லாம் பேசினீங்க, உங்க உடம்போட ஒரு வார்த்தை பேசியிருக்கீங்களா?" என்று கேட்டீர்கள். எனக்குச் சுருக்கென்றது. ரயில் நிலையத்தில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வரும் என்று சொல்லிக்கொண்டே காலத்தை ஓட்டியவன் நான். என் குரல் மட்டும்தான் வேலைக்குப் போனது. கழுத்துக்குக் கீழே இருந்ததெல்லாம் நாற்காலியோடு நாற்காலியாகக் கிடந்தது. சரி, அதையும் கொஞ்சம் விசாரிப்போம் என்று உங்கள் பின்னாலேயே கிளம்பினேன். என் மனைவி வாங்கி வந்த யோகா பேண்ட் காலுக்குள் நுழைந்தது, வெளியே வருவதற்கு மட்டும் ஆள் தேவைப்பட்டது. அதைப் போட்டுக்கொண்டு நான் தெருவில் நடந்து வந்ததை அந்தத் தெருக்காரர்கள் இன்னும் மறக்கவில்லை, பழக்கடைக்காரர் இப்போதும் என்னைப் பார்த்தால் சிரிப்பை அடக்க எலுமிச்சம்பழத்தை அடுக்க ஆரம்பிக்கிறார்.

அந்த மாடி ஹாலில் நான் பட்ட அவமானங்கள் உங்களுக்குத் தெரியாததல்ல. கீழே கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி, மேலே நாம். யோகா டீச்சர் இங்கே "விடுங்க, மெதுவா விடுங்க" என்று சொல்லும்போது, கீழேயிருந்து ஒருவர் "புடி! பிரேக்கப் புடி!" என்று கத்துவார். நான் எதைக் கேட்பது? முதல் வாரம் டீச்சர் "மூச்சை உள்ள இழுத்து நிறுத்துங்க" என்று சொல்லிவிட்டு, பல் டாக்டரின் முதுகை நிமிர்த்தப் போய்விட்டார். விடச் சொல்லவில்லையே என்று நான் நிறுத்தியபடியே இருந்தேன். சிக்னல் கிடைக்காமல் வண்டியை எடுக்கக் கூடாது என்பது எங்கள் இலாகாவில் ஊறிப்போன பழக்கம். கண் இருட்டிக்கொண்டு வந்தபோது, "சம்பந்தி, விடுங்க சம்பந்தி!" என்று முதுகில் தட்டியவர் நீங்கள்தான். ஒற்றைக் காலில் நிற்கும் ஆசனத்தில் நான் பல் டாக்டர் மேல் சாய்ந்து, அவர் தையல்கார அம்மா மேல் சாய்ந்து, ஒரு வரிசையே படுத்தபோது, மறுநாளிலிருந்து நீங்கள் உங்கள் ஆசனத்தை விட்டுவிட்டு எனக்குத் தோள் கொடுத்து நின்றீர்கள். என் முட்டி தரையில் அழுந்தாமல் இருக்க உங்கள் துண்டை மடித்து வைத்தீர்கள். அப்படிப்பட்டவருக்கு நான் செய்த கைம்மாறுதான் நேற்று நடந்தது.

விஷயத்துக்கு வருகிறேன், வராமல் எங்கே போக. என் மகள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் பிள்ளைகள் ஒரு வீடு பார்த்திருக்கிறார்கள். சின்ன வீடு, ஒரே ஒரு படுக்கையறை, ஹாலில் சோபாவைப் போட்டால் கதவு பாதிதான் திறக்கும். உங்களோடு மனஸ்தாபம் எதுவும் இல்லை, அதை நான் சத்தியம் செய்து சொல்கிறேன். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இரவெல்லாம் நின்றுவிட்டு, இரண்டு பஸ் மாறி அவள் வீடு வந்து சேரும் நேரத்தில்தான் உங்கள் ஹாலில் பயிற்சி நடக்கிறது. சமையலறைக்குப் போகவேண்டுமென்றால் உங்களைத் தாண்டித்தான் போகவேண்டும். "மாமா சவாசனத்துல இருக்கும்போது எப்படிப்பா அவரைத் தாண்டிப் போறது? பாவம்ப்பா, தூங்குற மாதிரி இருப்பாரு, மனசு கேக்காது. அவர் எழுந்திருக்கிற வரைக்கும் வாசல்லயே நின்னுட்டிருப்பேன்" என்று என்னிடம் சொன்னாள். அவளும் உங்களைக் குறை சொல்லவில்லை. கால் வலியைத்தான் சொன்னாள்.

உங்களிடம் சொல்ல மாப்பிள்ளை முயற்சி செய்யாமல் இல்லை. அவர் என்னிடம் வந்து அழாத குறை. "மாமா, நான் எப்ப பேசப் போனாலும் அப்பா தலைகீழா நிக்கிறார். தலைகீழா நிக்கிறவர்கிட்ட தனிக்குடித்தனம் போறோம்னு எப்படி மாமா சொல்றது? ரத்தம் எல்லாம் தலையில இருக்குமே! சரி, நேரா நிக்கும்போது போகலாம்னு போனா மூச்சை அடக்கிட்டு இருக்கார். அதையும் விட்டுட்டு மத்தியானம் போனா, இன்னைக்கு மௌனம்னு சைகை காட்டறார்" என்றார். கடைசியில் இருவரும், "நேரம் பார்த்து நாங்களே சொல்லிக்கிறோம், நீங்க வாயைத் திறந்துடாதீங்க" என்று என்னிடம் கேட்டுக்கொண்டார்கள். வாயை வைத்தே பிழைத்தவனிடம் கேட்கிற காரியமா இது?

நேற்று நடந்ததை எழுதக் கூசுகிறது, இருந்தாலும் எழுதுகிறேன். வகுப்பின் கடைசியில் எல்லாரும் சவாசனத்தில் மல்லாந்து படுத்தோம். மின்விசிறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. கீழே கூட அதிசயமாக யாரும் பிரேக் பிடிக்கவில்லை. டீச்சர் மெல்லிய குரலில், "உள்ள யார் இருக்காங்கன்னு பாருங்க. இத்தனை நாளா அவங்களை நீங்க பேசவே விடலை. இப்ப பேச விடுங்க" என்றார். எனக்கு உள்ளே இருந்தவன் யோகியா, ஞானியா? பென்ஷன் வாங்கியும் வேலையை விடாத அறிவிப்பாளன். அவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். அதன் பிறகு நான் சொன்னதெல்லாம் தூக்கத்தில்தான். தையல்கார அம்மா ஒரு வார்த்தை விடாமல் பிறகு ஒப்பித்ததைத்தான் எழுதுகிறேன்:

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. சம்பந்தி அவர்களின் இல்லத்தில் தங்கியிருக்கும் மகனும் மருமகளும், வரும் ஞாயிற்றுக்கிழமை காலை, ஆஸ்பத்திரிக்கு அருகிலுள்ள புதிய வீட்டிற்குப் புறப்படத் தயாராக உள்ளார்கள். முன்கூட்டியே அறிவிக்கத் தவறியமைக்கு வருந்துகிறோம்."

அதோடு நிறுத்தினேனா? எங்கள் இலாகா வழக்கப்படி, முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தை வரை இரண்டாம் முறையும் சொல்லியிருக்கிறேன். இது ஒன்றே போதாதா, நான் அதைத் தூக்கத்தில் சொன்னேன் என்பதற்கு? விழித்துக்கொண்டிருப்பவன் எவனாவது இப்படிப்பட்ட ஒன்றை ஒரு மனுஷனிடம் இரண்டு தடவை சொல்வானா? டீச்சர் என் தோளைத் தட்டிய பிறகுதான் கண்ணைத் திறந்தேன். பக்கத்தில் உங்கள் பாய் காலியாகக் கிடந்தது. பாயைத் துடைத்து, சுருட்டி, பையில் போடாமல் நீங்கள் ஒரு நாளும் வகுப்பை விட்டுப் போனதில்லை. பல் டாக்டர் என்னைப் பார்த்து, "சார், உங்க குரல் இன்னும் கணீர்னு இருக்கு" என்றார். பூமி பிளந்திருந்தால் உள்ளே போயிருப்பேன், கீழே கார் பள்ளி இருந்ததால் அதற்கும் வழியில்லை.

சாயங்காலம் மகள் போன் செய்தாள். "என்னப்பா பண்ணி வெச்சிருக்கீங்க?" என்று ஆரம்பித்தவள், திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நீங்கள் வீட்டுக்குப் போய் ஸ்டூலைப் போட்டுப் பரணில் இருந்த பெட்டிகளை இறக்கி, ஈரத்துணியால் துடைத்து, அவர்கள் அறை வாசலில் வரிசையாக வைத்துவிட்டு, "பூட்டு சாவி டிராயர்ல இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு உங்கள் அறைக்குள் போய்விட்டீர்களாம். அதைச் சொல்லிவிட்டு அவள் போனை வைத்துவிட்டாள். சம்பந்தியம்மா போன பிறகு அந்த வீட்டில் சத்தம் என்று ஒன்று இருந்தால் அது அந்தப் பிள்ளைகளும் உங்கள் மூச்சும்தான், அது எனக்குத் தெரியும். தெரிந்தும், ஊர் நடுவில், பல் டாக்டர் முன்னால், தையல்கார அம்மா முன்னால், நடைமேடை மாறுவதைச் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டேனே. உடம்போடு பேசு, உள்ளே இருப்பவனைக் கண்டுபிடி என்றீர்கள். கண்டுபிடித்துவிட்டேன். பார்க்கிற மாதிரி ஆளாக இல்லை.

தூக்கத்தில் செய்த தவறை மன்னியுங்கள். பிள்ளைகளிடம் முகம் கொடுத்துப் பேசுங்கள். தங்கள் முதுகு என்றும் நிமிர்ந்திருக்கவும், மூச்சு பழையபடி பூனை மாதிரி வந்து போகவும், என்னைப் பெற்ற பாவத்துக்கு என் தாய் தந்தை மேலுலகத்திலிருந்து தங்களை வாழ்த்தட்டும். என் மனைவி தங்களுக்கு வணக்கம் சொல்லச் சொன்னாள்.

வெட்கத்துடன்,
தங்கள் அன்பை இழந்துவிட்டோமோ என்று அஞ்சும்,
சம்பந்தி.

பின்குறிப்பு: உறையில் போடும் முன் இதை என் மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஏங்க, கல்யாணம் ஆன நாள்லேருந்து உங்க பக்கத்துலதான் படுக்கிறேன். நீங்க தூங்கினா குறட்டைதானே விடுவீங்க? தூக்கத்துல பேசி நான் கேட்டதே இல்லையே. நேத்து கிளாஸ்ல யாராவது குறட்டை கேட்டாங்களாமா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு சமையலறைக்குப் போய்விட்டாள். ஆகவே, பிழை திருத்துபவரே, மேலே உள்ள கடிதத்தில் ஒரு திருத்தம். "தூக்கத்தில்" என்று வரும் இடங்களில் எல்லாம் "தெரிந்தே" என்று திருத்திப் படிக்கவும்.

ஞாயிற்றுக்கிழமை காலை சாமான் வண்டி வாசலில் வந்து நிற்கும்போதுதான் உங்களுக்குத் தெரியப்போகிறது என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. போன வாரம் டீக்கடையில் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் நீங்கள், "சம்பந்தி, நாலு யோகா மேட்டு வாங்கிட்டேன். பையன், மருமக, நீங்க, நான். ஹால்ல வரிசையாப் போட்டா சரியா இருக்கு, அளந்து பாத்துட்டேன்" என்றீர்கள். நான் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். எனக்கு ஒருவர் முகத்தைப் பார்த்துப் பேசி வழக்கமில்லை, சம்பந்தி. கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து பேசித்தான் பழக்கம். கண்ணை மூடிப் படுத்ததும் அந்த அறை கிடைத்துவிட்டது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் முறை சொன்னது பழக்கதோஷத்தால் அல்ல. முதல் முறை சொன்னபோது நீங்கள் அசையவில்லை. தூங்கிவிட்டீர்கள் என்று நினைத்தேன். இரண்டாம் முறை சொல்லி முடித்ததும் ஒரு கண்ணை லேசாகத் திறந்து பார்த்தேன். உங்கள் கை மெதுவாக மேலே போய்க் கண்ணைத் துடைத்தது. சவாசனத்தில் சுண்டுவிரல்கூட அசையக் கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள். அதைப் பார்த்த பிறகும் நான் கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி கிடந்தேன். வெட்கம் என்று கையெழுத்துக்கு மேலே எழுதினேனே, அது இதற்குத்தான்.

உங்கள் பாயைத் துடைத்து, சுருட்டி, எடுத்து வந்து வைத்திருக்கிறேன். நாளைக் காலை அதையும் என் பாயையும் கொண்டுபோய் பழைய இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைப்பேன். நீங்கள் வாருங்கள். நான் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருப்பேன்.