முளையன் பூத்த தவக்காலம்

திருநீற்றுப் புதனன்று, நெற்றியில் பூசிய சாம்பல் உதிர்வதற்கு முன்பே நான் ஒரு சட்டம் பிறப்பித்தேன்.

"தவக்காலம் முடியுற வரைக்கும் இந்த வீட்டுல யாரும் அந்தப் பொட்டியத் தொடக்கூடாது. நான் உள்பட."

"நீங்க எப்ப அதத் தொட்டீங்க?" என்றாள் ஆனிமேரி, வெங்காயம் உரித்தபடியே.

"சட்டம்னா எல்லாருக்கும் பொது மேரி."

"சரிங்க."

பதினேழு ஆண்டு இல்வாழ்க்கையில் நான் கற்றறிந்த உண்மை ஒன்றுண்டு. அவள் வாதாடினால் நான் பிழைக்க வழியிருக்கிறது. "சரிங்க" என்றால் இல்லை. அன்று பார்த்து அது நினைவுக்கு வரவில்லை.

பெட்டி என்று நான் சொன்னது உள்ளங்கை அகலமுள்ள ஒரு வீடியோ கேம். ஆனிமேரியின் தம்பி ஜெய்சன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருக்கிறான். கிறிஸ்துமஸுக்கு வந்தவன், பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் ஜெஸிக்கு அதைக் கொடுத்துவிட்டுப் போனான். திரையிலும் எழுத்து ஜப்பான். கூட வந்த கையேட்டிலும் எழுத்து ஜப்பான். காட்டில் அலைந்து விநோத உயிர்களைப் பிடிக்க வேண்டும், வளர்க்க வேண்டும், பிறர் வளர்த்தவற்றோடு மோத விட வேண்டும். இதற்காக என் மகள் வேதியியலைக் கைவிட்டாள். தேர்வு புனித வாரத்தில் முடிகிறது. ஈஸ்டருக்கு ஜெய்சன் மறுபடி விடுப்பில் வருகிறான். அன்று மதியம் விருந்துக்குப் பின் பெட்டியைத் திருப்பித் தருவதாக வாக்களித்து, அதை பீரோவில் வைத்துப் பூட்டினேன். பீரோ, ஆனிமேரி தன் பிறந்த ஊரான டி. கல்லுப்பட்டியிலிருந்து கொண்டுவந்த சீதனம். சாவி, என் ஜெபமாலைப் பைக்குள் போயிற்று.

மூன்றாம் நாள் பீரோவைத் திறந்தேன். பேட்டரி செல் கசிந்து பெட்டி பாழாகிவிடக் கூடாதல்லவா? பொறுப்புள்ள தகப்பன் பார்க்கத்தான் வேண்டும். கசிவு இருக்கிறதா என்று உறுதிசெய்ய, பெட்டியை இயக்கியும் பார்க்கத்தான் வேண்டும்.

திரையில் முளையன் நின்றது.

ஜெஸி வைத்த பெயர். முளைவிட்ட தேங்காய் போல ஓர் உருவம். தேங்காய்க்கு மூன்று கண், இதற்கு இரண்டு. உச்சியில் ஒற்றைக் குருத்து. கீழே இரண்டு வேர்களைக் கால்களாக ஊன்றிக்கொண்டு, கடன் கேட்க வந்த உறவினர் போல என்னையே பார்த்தது.

நான் ஒரு மிஷன் பள்ளியில் இருபத்தொரு ஆண்டுகளாகத் தாவரவியல் கற்பிக்கிறேன். ஒற்றைக் குருத்து, நார் வேர்: ஐயமின்றி ஒருவித்திலைத் தாவரம். ஆகவே பூத்தால் மூன்று இதழோ ஆறு இதழோ இருந்தாக வேண்டும். கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பாதி விரிந்த மொட்டின் படம் இருந்தது. இதழ் எண்ண முடியவில்லை. பூ விரியும் காட்சி ஒரே ஒரு முறைதான் வரும் என்று ஜெஸி முன்பு சொன்னது நினைவுக்கு வந்தது. அந்தக் காட்சியை ஒரு தாவரவியலாளர் பார்க்காமல், வேதியியலில் நாற்பத்திரண்டு வாங்கிய சிறுமி பார்ப்பதா?

ஈஸ்டருக்குள் முளையன் பூத்தாக வேண்டும். நான் இதழை எண்ணியாக வேண்டும். வீட்டுக்குத் தெரியவும் கூடாது. நான் விளையாடவில்லை, வாசகர்களே, கூர்ந்து நோக்கினேன். தினமும் மாலை, கதவைத் தாழிட்டு, பத்து நிமிடம்.

ஆனால் அது வளரவில்லை. ஜப்பான் எழுத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? முளையனைக் காட்டுக்குள் நடத்தினேன். மரத்தில் முட்டியது. திருப்பினேன். வேறு மரத்தில் முட்டியது.

முதல் வாரக் கடைசியில் தெய்வம் கண் திறந்தது. நான் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தேன். ஆனிமேரி அடுப்படியில் ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஜெஸியிடம் சொன்னாள்.

"ஏட்டி, ஒன் மாமா லெட்டர் போட்டிருக்கான். பொட்டியப் பத்தி எம்புட்டு எழுதியிருக்கான் பாரு."

"எனக்கெதுக்கும்மா இப்ப? அப்பாதான் பூட்டி வச்சிருக்காரே."

"ஈஸ்டருக்கப்புறம் ஒதவும், கேட்டுக்கோ. அந்தச் செடிப் பூதத்துக்கு அசைவு வேணுமாம். பொட்டிய மேல்பையில வச்சுக்கிட்டு ஒடம்பு குனிஞ்சு நிமிரணுமாம். உள்ள ஏதோ எண்ணிக்கிட்டே இருக்குமாம். ஆன் பண்ணக்கூட வேணாமாம்."

"ஆன் பண்ணாமயா?"

"செடி தூங்கும்போதுதானடி வளருது? காலையில அஞ்சரையிலருந்து ஏழு மணி வரைக்குந்தான் செய்யணும். வெட்டவெளியில. ஒருநா விட்டு ஒருநா. மறுநா அதுக்கு ஓய்வு."

"ரொம்பக் கஷ்டம்மா."

"ஆமா. சோம்பேறிக்கெல்லாம் பூக்காது போல."

நான் செய்தித்தாளின் ஒரே வரியை ஏழு முறை படித்தேன்.

அதிகாலை வெட்டவெளியில் ஐம்பது வயதுக்காரன் காரணமின்றிக் குனிந்து நிமிர்ந்தால் எங்கள் ஆனையூர் என்ன நினைக்கும்? அப்போதுதான் அந்த யோசனை எனக்கு உதித்தது. எனக்கே உதித்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் தானாக ஏறாது. அடிபம்பில் அடித்துத்தான் எடுக்க வேண்டும். அடிப்பவர் குனிந்து நிமிர்ந்தே தீர வேண்டும். தண்ணீர் வருவதும் ஒருநாள் விட்டு ஒருநாள், அதிகாலையில். எத்தனை அழகான பொருத்தம்! இதில் ஐயப்பட எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை.

"மேரி, நாளையிலருந்து தண்ணி நான் அடிக்கிறேன்."

"நீங்களா? ஒடம்புக்கு என்ன?"

"தவக்காலம். ஒரு ஒறுத்தல் முயற்சி."

"சரிங்க" என்றாள்.

மறுநாள் ஐந்தரைக்குப் பம்படியில் நின்றேன். மேல்பையில் பெட்டி; அதன்மேல் துண்டு. எதிர்வீட்டுக் கண்ணுச்சாமி, ஓய்வு பெற்ற கண்டக்டர், பல்குச்சியோடு வந்தார்.

"என்ன சார், எண்ணி எண்ணி அடிக்கிறீக?"

"நூத்துப் பதினெட்டு. பேசாதீங்க அண்ணே, கணக்கு தப்பிரும்."

"கொடம் நெறஞ்சு வழியுது சார்!"

"வழியட்டும். நூத்துப் பத்தொம்பது."

"அப்ப நம்ம வீட்டுக் கொடத்தையும் வைக்கட்டுமா? ஒங்க மதனிக்கு முட்டு வலி."

வைத்தார். அடுத்த முறை பக்கத்து வீட்டுக் குடமும் வந்தது. முந்நூறு அடிக்குப் பன்னிரண்டு குடம். முதல் நாள் மாலையே கதவைத் தாழிட்டுப் பெட்டியைப் பார்த்திருந்தேன். குருத்துக்கு அருகே புதிதாக ஓர் இலை!

அறிவியல் நோட்டு ஒன்றைத் திறந்து அட்டவணை போட்டேன். நூற்றைம்பது அடி, ஓர் இலை. முந்நூறு அடி, இரண்டு இலை. நானூறு அடித்த நாளில் தண்டே தடித்துவிட்டது. இடையில் எனக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் படுத்தேன். ஆனிமேரி பக்கத்திலேயே இருந்து கஞ்சி வைத்துக் கொடுத்தாள். அந்த மூன்று நாளும் ஓர் இலைகூட விடவில்லை. அடி இல்லையேல் வளர்ச்சி இல்லை! இதைவிடத் தெளிவான நிரூபணத்தை நான் எந்த ஆய்வுக்கூடத்திலும் கண்டதில்லை.

அந்த நாற்பது நாளில் விளங்காத செய்தி ஒன்றே ஒன்றுதான். சுவர்க் கடிகாரம் மூன்று முறை நின்றது. புதிதாகப் போட்ட செல்கள் அதற்குள் தீர்ந்திருந்தன. கடைக்காரரை நேரில் போய்த் திட்டிவிட்டு வந்தேன்.

குருத்தோலை ஞாயிறன்று பங்குச் சாமியார் மறையுரையில் என் பெயரைச் சொன்னார். "தெருவுக்கே தண்ணீர் சுமக்கும் நம் கிறிஸ்துராஜ் ஆசிரியரைப் பாருங்கள்" என்றார். கோயிலே திரும்பிப் பார்த்தது. நான் தலை குனிந்தேன். தாழ்மை என்று எண்ணிக்கொண்டார்கள். பையில் பெட்டி இருந்தது.

பெரிய சனிக்கிழமை காலை ஐந்நூறு அடி அடித்தேன். பதினோரு மணிக்குத் திறந்து பார்த்தால், முளையனின் உச்சியில் மொட்டு! இன்னும் ஓர் இருநூறு அடித்தால் விரியும் என்று என் அட்டவணை கூறிற்று. ஆனால் தண்ணீர் நின்றிருந்தது. பெட்டியைப் பூட்டிவிட்டு, திருவிழிப்பு வழிபாட்டுக்கு நாற்காலி அடுக்கக் கோயிலுக்குப் போனேன். வரச் சொன்னவர் சாமியார். நினைவூட்டி அனுப்பியவள் ஆனிமேரி. பொழுது சாய்ந்துதான் திரும்ப முடிந்தது. அதற்குள் வழிபாட்டுக்குப் புறப்படும் அவசரம். பீரோவைத் திறக்க வாய்க்கவில்லை.

ஈஸ்டர். பிரியாணி. ஜெய்சன் வந்திருந்தான். வாக்களித்தபடி பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். ஜெஸி அதை இயக்கினாள்.

"ஐயோ! பூத்திருச்சு மாமா! முளையன் பூத்திருச்சு!"

நான் துள்ளி எழுந்தேன். "எத்தன இதழ்?"

"அஞ்சு" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

ஜெஸி எண்ணினாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு... ஆமா, அஞ்சு."

நான் அடுப்படி வாசலைப் பார்த்தேன். ஆனிமேரி தயிர்வெங்காயம் கலக்கிக்கொண்டிருந்தாள். அங்கிருந்து கூடத்துச் சோபாவே தெரியாது. திரை எங்கே தெரியும்?

ஜெய்சன் பெட்டியை வாங்கி ஏதோ அமுக்கினான். "அடேயப்பா! நூத்திப் பதினாலு மணி நேரம் ஓடியிருக்கு. ஜெஸி, நீ எவ்வளவு ஆடுன?"

"ரொம்பப் போனா இருவது. அப்புறம் அப்பா பூட்டிட்டாரு. சாவி அப்பாகிட்டதான்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான் ஆடல!" என்றேன். "வெறும் பத்து நிமிஷம் பாப்பேன். மத்தபடி பையில வச்சுத் தண்ணிதான் அடிச்சேன்."

"தண்ணியா? எதுக்கு அத்தான்?"

"அசைஞ்சாதான் வளரும்னு நீதானடா லெட்டர் போட்ட?"

"நான் என்னைக்கு லெட்டர் போட்டேன்? போன்தான் பண்ணுவேன். பையில வச்சா எப்படி அத்தான் வளரும்? மணிக்கணக்கா ஒக்காந்து ஆடுனாத்தான் வளரும்."

"அப்பா!" என்றாள் ஜெஸி. தவக்காலத்தில் தொண்ணூற்று நான்கு மணி நேரம் விளையாடிய தகப்பனைப் பார்க்கும் பார்வை அது.

ஆனிமேரி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "விடுங்கப்பா. நாளும் கெழமையுமா மனுசனப் போட்டுக் கொடையாதீங்க. ஏதோ ஆச, ஆடிட்டாரு. அதுக்குத்தான் தெருவுக்கே தண்ணி அடிச்சுப் பரிகாரம் பண்ணிட்டாருல்ல?"

எப்படிப்பட்ட மன்னிப்பு! நான் செய்யாத குற்றத்துக்கு, அதைச் செய்தவளே அருளிய மன்னிப்பு. மறுத்தால், இல்லாத கடிதத்தை நம்பி வாரக்கணக்கில் பம்படித்த கதையை முழுவதும் சொல்ல வேண்டும். ஏற்றுக்கொண்டேன்.

எல்லோரும் கண்ணயர்ந்த பிற்பகலில் அவளுடைய ஜெபப் புத்தகத்தைப் புரட்டினேன். மடித்த தாள் ஒன்று இருந்தது. 'குடிநீர் விடும் நேரம்: ஒருநாள் விட்டு ஒருநாள், காலை 5.30 முதல் 7.00 வரை. இப்படிக்கு, தெரு நலச் சங்கம்.' அந்தத் தாளுக்குள் ஒரு சாவி. பீரோவுக்குக் கடைக்காரர்கள் இரண்டு சாவி தருவார்கள். இருபத்தொரு ஆண்டு கற்பித்த எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். சுவர்க் கடிகாரத்தின் புதுச் செல்கள் எந்தப் பெட்டிக்குள் போய்த் தீர்ந்தன என்பதும் விளங்கிற்று.

திங்கட்கிழமை. மணி ஐந்தரை. விடுமுறை நாள். தவக்காலம் தீர்ந்தது, தேர்வும் தீர்ந்தது, பூவும் விரிந்தது. இனி எவராலும் என்னைப் பம்படிக்கு அனுப்ப முடியாது என்ற நிம்மதியோடு போர்வையை இழுத்தேன். காலடியில் குடம் வைக்கும் ஓசை கேட்டது.

"என்னங்க, எந்திரிங்க" என்றாள் ஆனிமேரி. "பூத்தது சரி. காய்க்க வேணாமா?"